ஆள் மாறி விழுந்த அறை

கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் வயதுக்காரிகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். போன மாதம் நம் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் மாதர் சங்கக் கூட்டம் என்று கூடினோமே, அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை கொழும்பிலிருந்து ஒரு நாவல் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விரும்புகிற கதை. முதல் காதல், வளர்கிற வயதின் குழப்பம், பயம், சந்தோஷம், அவ்வளவுதான் விஷயம். அதைத் தூக்கி அடுப்பில் போடச் சொல்லி நீங்கள் போட்ட கூச்சல் ஃபாக்டரி வரைக்கும் கேட்டிருக்கும்.

"வாசிச்சுப் பாத்தீங்களா?" என்று நான் கேட்டேன். ஒருத்தியும் வாசிக்கவில்லை.

"அட்டையப் பாத்தாலே தெரியுதே டீச்சர். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கையப் புடிச்சிக்கிட்டு நிக்குதுங்க," என்றாள் ஒருத்தி.

"நம்ம காலத்துல இந்த மாதிரி அசிங்கமெல்லாம் இருந்திச்சா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் தலையாட்டினீர்கள். அந்தப் பிள்ளை முகம் சுண்டிப்போய் நாவலை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு அதைக் கேட்டு வாங்கி வந்து வாசித்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை வாசித்தேன். அசிங்கம் என்று ஒரு வரி இல்லை. அதில் ஓர் அம்மா, "யாரும்மா அது?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில்தான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். நமக்கு யார் அப்படி உட்கார்ந்திருந்தார்கள்? நம் காலத்தில் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் நடுவில், அந்த வரிசை வீடுகளுக்குள், உங்கள் கண் முன்னால் இருந்தது. நீங்களும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஆளை மாற்றிப் புரிந்துகொண்டீர்கள்.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் அது. நல்ல மழை பெய்து ஓய்ந்து, வெயில் அடித்து, மலை முழுக்கக் கொழுந்து மண்டிக் கிடந்தது. ஆள் போதவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கொழுந்தெடுக்க விட்டார்கள். வீட்டில் சும்மா இருந்த என்னையும் ஒரு கூடையை மாட்டி அம்மா அனுப்பினாள். கங்காணி ஆளுக்கொரு நிரையாகப் பிரித்துவிடுவார். என் நிரைக்குப் பக்கத்து நிரை அவளுடையது.

அவள் பணிய லயத்துக்காரி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்று, வேலைக்கு வயது வந்ததும் பேர் பதிந்து மலைக்குப் போனவள். அவள் கை போகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. நான் ஒரு செடியில் முற்றலையும் இளசையும் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் அவள் தன் நிரையை முடித்துவிட்டு, என் நிரைக்குள் எதிர்ப்பக்கமாக ஏறி வருவாள். ஒரே செடியில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்து வெடித்த அவளுடைய விரல்கள் என் விரல்களில் இடிக்கும். "படிச்ச கை, பூவு கணக்கா இருக்கு," என்று கேலி செய்வாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிற வழியில் தன் கூடையிலிருந்து இரண்டு அள்ளு எடுத்து என் கூடையில் போடுவாள். மழை வந்தால் இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்து இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடிப்பாள். அந்த ஈரச் சாக்கு வாடையும், பச்சைக் கொழுந்தும், அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த விறகுப் புகையும் சேர்ந்த ஒரு மணம். இப்போதும் மழைக்காலத்தில் எங்காவது சாக்கு நனைந்தால் நான் நின்றுவிடுகிறேன்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. உங்கள் எல்லோரையும் பிடித்த மாதிரி இல்லை. அவள் பெயரை யாராவது கூப்பிட்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவள் வராத நாளில் சோறு இறங்காது. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. கேட்டேன், சொன்னாள். "ஒன்னயப் பாக்காட்டி என்னமோ காச்ச வர்ற மாதிரி இருக்குது புள்ள," என்றாள். இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நாவலிலும் இல்லை.

நாவல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களிடமும் ஒரு நாவல் இருந்தது. அவளுடைய அண்ணன் தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக் கடையில் வேலை செய்தார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருவார், திங்கட்கிழமை விடியப் போய்விடுவார். கடையில் சரை சுற்றக் கிடந்த பழைய தாள்களுக்குள்ளிருந்து ஒரு காதல் நாவலைத் தங்கைக்கென்று எடுத்து வந்திருந்தார். முன்னட்டை கிடையாது. கடைசிப் பக்கங்களும் கிடையாது, அவற்றில் எந்த வீட்டுக்குப் பாவாடைத் துணி சுற்றிப் போனதோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் பீலிக்கரைக்கு மேலே உள்ள கல்லில் உட்கார்ந்து அவள் அதைச் சத்தமாக வாசிப்பாள். கீழே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. பக்கங்கள் தீர்ந்து போகிற இடத்தில் நிறுத்தமாட்டாள். தாளைப் பார்த்துக்கொண்டே, அச்சில் இருப்பதை வாசிக்கிற மாதிரி, மேலே சொல்லிக்கொண்டே போவாள்.

"கினிகத்தேனை வளைவுல பஸ் பொரண்டு மாப்புள செத்துட்டான்."

"அய்யய்யோ, பாவம்டி!"

"பாவந்தான். என்னா செய்யிறது, அவன் விதி."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. அந்தப் பொண்ணும் அவ கூட்டாளியும் தலவாக்கலையில ஒரு ரூம் எடுத்தாங்க. தையல் மெஷின் ஒண்ணு போட்டாங்க. வேல முடிஞ்சு ரொட்டி சுட்டு, சம்பல் இடிச்சு, ரெண்டு பேரும் சந்தோசமா இருந்தாங்க."

அடுத்த ஞாயிறு அவனுக்கு விஷக்காய்ச்சல் வரும். அதற்கடுத்த ஞாயிறு ரயிலிலிருந்து தவறி விழுவான். நல்ல மனிதன்தான், அழகாகக் கடிதம் எழுதுகிறவன், அவளிடம் மாட்டிக்கொண்டு எத்தனை விதமாகத்தான் செத்தான்! ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்கள் இரண்டு பேரும் தலவாக்கலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். இப்படி எழுதுவதற்கு யாரும் இல்லாத காலத்தில் எங்களுக்கு வேண்டிய கதையை அவளே பேசிப் பேசி உண்டாக்கினாள். அந்தப் புத்தகம் யார் வீட்டு அடுப்பில் போயிற்றோ தெரியவில்லை.

மாரியம்மன் தேர் திருவிழாவில் அவள் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கினாள். பாதியை என் கையில் போட்டுவிட்டு மீதியைத் தன் கையில் போட்டுக்கொண்டாள். அந்த வளையலில்தான் ஆரம்பித்தது.

என் அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்கள் லயத்திலேயே நாலு காம்பரா தள்ளி இருந்தாள். ஊர் விஷயமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் ஒருநாள் அம்மாவிடம், "அண்ணி, ஒங்க மக சனி ஞாயிறானா தலையச் சீவிப் பொட்டு வச்சிக்கிட்டுக் கீழ ஓடுறா. பணிய லயத்துப் பய தலவாக்கலையில இருந்து வர்றதும் சனி ஞாயிறுதான். கணக்குச் சரியா வருதுல்ல?" என்றாள்.

கணக்கு வந்ததாம்! மற்ற நாளெல்லாம் என் கூட்டாளி பொழுது சாயும்வரை மலையில் நிற்கிறாள், சனி ஞாயிறு பின்னேரம்தான் அவளுக்கு நேரம் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அந்த அண்ணனை நான் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. தலைக்கு நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பார், அதிகம் பேசமாட்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து வளையலைப் பார்த்தாள்.

"யாரு குடுத்தது?"

"அவதான்."

"அவ எதுக்கு ஒனக்கு வளையல் குடுக்கணும்? அண்ணங்காரன் குடுக்கச் சொன்னானா?"

"இல்லம்மா. அவளே வாங்கிக் குடுத்தா. எனக்கு அவளத்தான் புடிக்கும். அவ கூடத்தான் இருக்கணும்னு இருக்கு."

கேட்டீர்களா? நான் மறைக்கவில்லை. அந்த வயதில் எனக்கு மறைக்கவும் தெரியவில்லை. பச்சையாக, நேராக, பெற்ற தாயிடம் சொன்னேன். அம்மா என் கையை விட்டாள். பிறகு பெருமூச்சு விட்டு, "அந்த வீட்டுக்குப் போகணும்னு இருக்கு. அத வாயால சொல்ல வெக்கம். வெளங்குது," என்றாள். நான் சொன்ன ஒரு சொல்லும் அவள் காதில் போகவில்லை. இரண்டு பெண்களுக்கு நடுவில் அப்படி ஒன்று இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. திட்டியிருந்தால்கூட, நான் சொன்னதைக் கேட்டாள் என்று ஆறியிருப்பேன்.

விஷயம் தோட்டத் தலைவர் வரைக்கும் போயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு வைத்தார்கள். உங்களில் பாதிப் பேர் வேலிப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கிய கோலத்திலேயே, கையில் பையோடு வந்து நின்றார். அவருடைய அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓங்கி அறைந்தார். பை கீழே விழுந்தது.

"என்னாப்பா? நான் என்னா செஞ்சேன்?" என்றார் அவர்.

"படிக்கிற புள்ளைக்கு வளையல் வாங்கிக் குடுக்கிறியாடா? ஊருக்குள்ள நான் தல நிமிந்து நடக்க வேணாமா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, ஒன்றும் விளங்காத திகைப்புத்தான் இருந்தது. கன்னத்தில் விரல் பதிந்து கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அவரு ஒண்ணும் செய்யல! நான் அவர விரும்பல!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா, அவனுக்கு அடி விழுந்தா இவளுக்கு வலிக்குது," என்றாள் அத்தை. வேலிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தலைவர் கையமர்த்தினார். "அடிச்சு என்னாங்க ஆகப் போவுது? முறையப் பாத்தா மச்சான் முறைதான் வருது. பயலும் கெட்ட பழக்கம் இல்லாதவன். இப்ப பரிசத்தப் போட்டு வச்சிருவோம். புள்ள மேல படிச்சு, ஒரு வேலையில நிக்கட்டும். அப்பறமாத் தாலியக் கட்டிக்கலாம்."

எவ்வளவு நியாயமான மனிதர், பாருங்கள்! முறை சரியாக இருந்ததால் காதலை மன்னித்துவிட்டார். என்னை மேலே படிக்க விட்டதும் அவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் யாரிடமும், என்னிடமோ அவரிடமோ, "இது நிசமா?" என்று ஒரு கேள்வி கேட்க அவருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் மனம் குளிர்ந்து போயிற்று. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தவள் அவள்தான். தட்டில் கிளாசுகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. என் முன்னால் வந்து நின்றபோது பாதித் தேத்தண்ணி தட்டில் கிடந்தது.

மறுநாள் பீலிக்கரையில் நான் அழுதபோது அவள் அழவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுவாத புள்ள. யோசிச்சுப் பாரு. ஒரே வீட்டுலதானே இருக்கப் போறோம்? ஒரே அடுப்பு. எனக்குக் கல்யாணம் வேணாம்னு சொல்லிருவேன். அண்ணன் பாட்டுக்குத் தலவாக்கலையில கெடக்கும், வாரத்துக்கு ஒருக்கா வரும். மத்த நாளு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர்களின் முட்டாள்தனம் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று நம்பினோம். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நாங்கள் இருந்த சந்தோஷம் போல என் ஆயுசில் வேறு இல்லை. நான் உயர்தரம் படிக்கப் போனேன். பரிசம் போட்ட பெண் என்பதால் பணிய லயத்துக்குப் போய்வர எனக்கு யாரும் தடை சொல்லவில்லை. அண்ணன் இல்லாத நாளிலும் போனேன். "மாமியார் வீட்டுக்கு இப்பவே வேல செய்யிறா, என்னா குணம்," என்று நீங்களே மெச்சினீர்கள். ரொட்டி சுட்டோம். ஒரு கம்பளிக்குள் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசினோம்.

ஒரே வீட்டில் இருப்பது. நாங்கள் கேட்டது அவ்வளவுதான். அதைத்தான் பிடுங்கினார்கள். அவளுடைய அம்மாவுக்கு ஒருநாள் ஞானோதயம் வந்தது. "ஒத்தக் காம்பராவுக்குள்ள மருமக ஒருத்தி, கொமரி ஒருத்தி எப்புடிக் கெடக்கிறது? மருமக உள்ள வர்றதுக்கு முந்தி மகள வெளிய அனுப்பிரணும்." வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். எனக்கு இடம் பண்ணுவதற்காக அவளை அனுப்பினார்கள்! அவள் பட்டினி கிடந்தாள். பேச மறுத்தாள். அவள் அம்மா, யாரைத் தேடி வந்தாள் தெரியுமா? என்னைத்தான்.

"நீ வந்து சொல்லும்மா. ஒம்மேல உசுரையே வச்சிருக்கா. நீ சொன்னாத்தான் கேப்பா," என்றாள். சொன்ன வாய்க்குத் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியவில்லை. நான் போனேன். அவள் அம்மா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, நான் புத்தி சொல்கிறேன் என்று காத்திருந்தாள். உள்ளே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாத," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"போகாம எங்கடி இருக்கிறது?" என்று கேட்டாள். நமக்கென்று ஒரு துண்டு நிலம் உண்டா, ஒரு அறை உண்டா? இருந்த காம்பராவும் தோட்டத்துடையது. இரண்டு பெண்களுக்கு யார் அறை கொடுப்பார்கள்? அந்த மாசமே அவள் கல்யாணம் நடந்தது. சாமான் ஏற்றிய லொறியில் முன்சீட்டில் உட்கார்ந்து வலப்பனைக்குப் போனாள். கையில் பச்சை வளையல் இல்லை. கழற்றச் சொன்னார்களா, உடைந்ததா, நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, என் சம்பளத்தில் கண் வைத்ததில்லை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒருநாள், நான் அவளை நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டு, "அன்னைக்கு அடி வாங்குனது நானு. எதுக்குன்னு இப்பத்தான் வெளங்குது," என்றார். நான் கிளாசைக் கீழே வைத்தேன். "எங்கிட்டயும் யாரும் கேக்கலம்மா," என்றார். அதன் பிறகு அவர் அதைப் பேசவே இல்லை. அவருக்கும் யாராவது மனதில் இருந்தார்களோ என்னவோ. அந்த அறைக்காக அவருக்கும் சேர்த்துத்தான் இன்று கோபப்படுகிறேன். அவர் போய்விட்டார். போன மாரிக்காலத்தில் அவளும் போய்விட்டாள். இனி இதைச் சொல்வதால் நோகப்போவது நான் ஒருத்திதான்.

கல்யாணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த வருடம், தோட்டத்துக் கோயிலில் நடந்தது. நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அவள் முதல் நாளே வலப்பனையிலிருந்து வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. நம் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போட வேண்டும். குழந்தையை யார் கையிலோ கொடுத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றாள். மேளம் கொட்டிற்று. அவர் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தார். அப்புறம் அவள் விரல்கள் என் பிடரியில் பட்டன. கறுத்து வெடித்த அதே விரல்கள். ஒன்று போட்டாள். நிதானமாக இழுத்து இறுக்கினாள். இரண்டாவதையும் போட்டாள்.

கையை எடுக்கவில்லை.

"போதும்மா. முடிச்சு விழுந்திருச்சு, கைய எடு," என்றார் பூசாரி. அவள் எடுக்கவில்லை. என் கழுத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்து முதுகில் இறங்கியது. பிறகு இன்னொன்று. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எழுந்திருப்பேன்.

"நாத்தனாருக்கு அண்ணி மேல எம்புட்டுப் பாசம்னு பாருங்களேன்!" என்றாள் அத்தை, கோயில் முழுக்கக் கேட்கும்படி.

எல்லோரும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே அட்சதையை அள்ளி வீசினீர்கள். அது எங்கள் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது.